சிங்கம் பார்த்த கங்காணி கேட்கிறேன்

எங்கள் தோட்டத்தை நடத்துகிற துரை பொய் சொல்கிறார். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்கிற எங்களிடம், இந்தத் தோட்டத்தில் சிறுத்தை இல்லை என்கிறார். பங்களாவில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களிடம், சிறுத்தை இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்கிறார். இரண்டையும் சொல்வது ஒரே வாய்.

என் பெயர் ராஜேஸ்வரி. இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். பெண்களையும் கங்காணியாகப் போடலாம் என்று கம்பனி முடிவு செய்தபோது, எங்கள் டிவிசனில் முதலில் என்னைத்தான் போட்டார்கள். இந்த வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். புதிதாகக் கொழுந்துப் பை மாட்டுகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். வேலை எனக்குக் கெட்டதாக அமையவில்லை. பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் செய்தேன். அந்த வேலைதான் என்னை ஆபிரிக்கா வரை கொண்டுபோய்ச் சிங்கம் காட்டியது. ஆனால் அங்கே நான் படித்துக்கொண்டு வந்தது வேறு.

கெரிச்சோவில் பொலி

எங்கள் கம்பனி கென்யாவில் கெரிச்சோ என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தை எடுத்தது. கையால் உருட்டுகிற விலை கூடின தேயிலை செய்வதற்காக. அதற்கு மொட்டும் இரண்டு இலையும் மட்டும், காயம் படாமல் பறித்துக் கொடுக்க வேண்டும். அங்கே பாதி இடத்தில் மெஷின் வெட்டு. கையால் பறிக்கிறவர்களும் பிடி பிடியாக அள்ளுகிறவர்கள். அவர்களுக்குப் பழக்கிவிட என்னையும், என் நிரையில் பறிக்கிற பெர்னதெத்தையும் அனுப்பினார்கள். எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் சின்ன துரை, எங்கள் துரைக்கு அடுத்தவர். சிங்களப் பையன், ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

ஊர் எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. அதே குளிர், அதே பச்சை, பின்னேரம் ஆனால் அதே மழை. ஒன்றுதான் வித்தியாசம். அங்கே ஆம்பளைகளும் கொழுந்து பறிக்கிறார்கள். முதுகில் கூடையோடு நிரையில் நிற்கிற ஆம்பளைகளைப் பார்த்ததும் பெர்னதெத் என் காதில் சொன்னாள்:

"அக்கா, எங்க வீட்டுக்காரர இங்கன கொண்டாந்து ஒரு வாரம் விடணும்."

"விட்டா பெறகு நீ தான்டி வந்து தூக்கிட்டுப் போகணும்" என்றேன்.

முதல் நாள் காலை மலையில் இறங்கினதும், பழக்க தோசத்தில் நான் "பொலி!" என்று சத்தம் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மலை என்றால் தேயிலை நிற்கிற இடம், இறங்குவது என்றால் அங்கே வேலை தொடங்குவது. புதிதாக ஒரு மலையில் கொழுந்து எடுக்கும்போது கங்காணி "பொலி" என்பார், எல்லோரும் "பொலியோ பொலி" என்பார்கள். நிறைய விளைய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதுதான். பெர்னதெத் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளும் சொல்வாள். கெரிச்சோக்காரர்கள் இதை வேலையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். மொட்டும் இரண்டு இலையும் காயம் படாமல் வர வேண்டுமானால் முதலில் இப்படிக் கத்த வேண்டும் போல என்று. அடுத்த நாள் நான் வாய் திறக்குமுன் முழு நிரையும் "போலி யோ போலி!" என்று கத்தியது. சின்ன துரை சிரித்துச் சிரித்துக் தண்ணீர் ஓடுகிற கானில் விழப் பார்த்தார்.

"ராஜேஸ்வரி, இதையும் மேனுவல்ல போடவா?"

"போடுங்க தொர. கொழுந்து நல்லா வருதா இல்லயா, அதப் பாருங்க."

கொழுந்து நன்றாகத்தான் வந்தது. அவர்களுக்கு இரண்டு கையும் சமமாக ஓடும். மொட்டும் இரண்டு இலையும் மட்டும் பார்த்துப் பறிக்கத்தான் பழக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் இடம்

வேலை முடிகிற நேரம், அந்தத் தோட்டத்துப் பெரிய மேனேஜர் எங்களை மாசாய் மாராவுக்கு அனுப்பி மிருகங்கள் காட்டுவதாகச் சொன்னார். எங்களை என்றால் சின்ன துரையையும், பெக்டரியில் வேலை பழக்க வந்திருந்த உத்தியோகத்தர்களையும். நாங்கள் இரண்டு பேரும் கணக்கில் இல்லை. சின்ன துரை தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ரூம்ல ரெஸ்ட் எடுங்க. தூரப் பயணம், தூசி, வெயில். ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"தொர, வெயிலுக்கும் மழைக்கும் பயந்தவ மலையில நிப்பாளா? எடம் இல்லன்னா எடம் இல்லன்னு சொல்லுங்க. எங்களுக்குக் கஷ்டம்னு நீங்க சொல்லாதீங்க."

அவர் பாவம், முகம் சிவந்துபோய் நின்றார். பெர்னதெத் வேறு சும்மா இருக்கவில்லை.

"சிங்கத்தப் பாக்காம ஊருக்குப் போனா லயத்துல என்னைய விட மாட்டாங்க தொர. இப்பவே சொல்லிட்டேன், பொய் சொல்ல எனக்கு வராது."

அவர் போய்ப் பேசினார். எங்களுக்கு வேறு ஜீப் வந்தது. சின்ன துரையும் உத்தியோகத்தர்களை விட்டுவிட்டு எங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அதற்காக அவரை இன்றைக்கும் நல்லபடியாக நினைக்கிறேன்.

டிரைவர் முதலில் இறங்கினார்

ஜீப் ஓட்டினவர் பெயர் கிப்ரோனோ. என் வயதுதான் இருக்கும். என்னை "மாமா" என்று கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் பெரிய பொம்பளைக்கு மரியாதையாகச் சொல்வது அப்படி. பெர்னதெத் அன்று முழுக்க என்னை "மாமா, மாமா" என்றே கூப்பிட்டு உயிரை வாங்கினாள்.

கேட்டுக்குள் போகுமுன் அவர் வண்டியை நிறுத்தி எங்களைத் திரும்பிப் பார்த்துப் பேசினார். சின்ன துரை தமிழில் சொன்னார். தான் சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கையை வெளியே நீட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஏதாவது அவசரம் என்றால் வெட்கப்படாமல் தன்னிடம் சொல்ல வேண்டும். துரைமார் வெருட்டுகிற மாதிரி இல்லை. ஒவ்வொன்றையும் ஏன் என்று விளக்கிச் சொன்னார்.

உள்ளே போனோம். வரிக்குதிரையைப் பார்த்துப் பெர்னதெத், "யாரோ கழுதைக்குப் பெயின்ட் அடிச்சி விட்டுட்டாங்க" என்றாள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று மர உச்சியில் நிதானமாக இலை கடித்துக்கொண்டு நின்றது. எனக்கு வேலை ஞாபகம்தான் வந்தது. "தொர, இது ஒண்ணு கெடச்சா போதும். நெழல் மரம் கொப்பு வெட்ட ஆள் ஏத்தத் தேவயில்ல" என்றேன். யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தபோது நான் கும்பிட்டேன். பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டாள். கிப்ரோனோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது கும்பிடுவதற்கா, வேர்வைக்கா என்று நான் கேட்கவில்லை.

சிங்கங்கள் ஒரு மரத்தடியில் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்திருந்தன. ஈ மொய்த்தது. பெர்னதெத் முகம் சுருங்கிப்போனது.

"என்னாக்கா இது, நம்ம லயத்து நாயிங்க மாதிரி படுத்துக் கெடக்கு. இதுக்கா இவ்வளவு தூரம்?"

அவள் சொல்லி முடிக்கவில்லை, ஒரு பெண் சிங்கம் எழுந்து நேராக எங்கள் ஜீப்பைப் பார்த்து நடந்து வந்தது. என் கை தானாகத் தட்டியது. வாயும் தானாக "ஓய்! ஓய்! ஓய்!" என்று கத்தியது. மலையில் செடிக்குள் ஏதாவது அசைந்தால் நாங்கள் செய்வது இதுதான். ஒரு நிரையில் கத்தினால் அடுத்த நிரை வாங்கிக் கத்தும். பெர்னதெத்தும் வாங்கிக் கத்தினாள். சிங்கம் நின்றது. படுத்திருந்தவையும் எழுந்தன. எல்லாம் சேர்ந்து புல்லுக்குள் போய் மறைந்துவிட்டன. பக்கத்தில் நின்ற ஜீப்புகளில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை சிங்கத்தின் பார்வையைவிட மோசம்.

கிப்ரோனோ கோபிக்கவில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் நிறுத்தி, யாரிடம் இதைப் பழகினீர்கள் என்று கேட்டார். எங்கள் மலையில் சிறுத்தை உண்டு என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்க நடந்தா போறீங்க?" சின்ன துரை அவர் கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"நடந்துதான். நாள் முழுக்க செடிக்குள்ள தான் நிக்கிறோம்."

"காலைல அது எங்க இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றது?"

நான் சின்ன துரையைப் பார்த்தேன். சின்ன துரை வெளியே பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றேன்.

பின்னேரம் எனக்கு அவசரம் வந்தது. வெட்கத்தோடு சொன்னேன். கிப்ரோனோ உடனே நிறுத்தவில்லை. புல் குட்டையாக இருந்த இடம் ஒன்றைத் தேடிப்போனார். அங்கே நின்ற புதரை ஜீப்பாலேயே சுற்றி வந்தார். பிறகு தான் முதலில் இறங்கினார். புதருக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வந்து கதவைத் திறந்து, "மாமா, இப்போது போகலாம்" என்றார். நான் வரும் வரை முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார்.

பிள்ளைகளே, சிரிக்க வேண்டாம். கொழுந்து மலையில் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செடிக்குப் பின்னால், கான் ஓரத்தில், காட்டு எல்லையில். இத்தனை வருட வேலையில் எனக்காக ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, இப்போது போகலாம் என்று சொன்னது அந்த ஒரு நாள்தான். அதுவும் ஆபிரிக்காவில்.

திரும்பி வரும் வழியில் அவர் சொல்லிக்கொடுத்தார். சிறுத்தையைக் கண்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, ஒன்றாகச் சேர்ந்து நின்று, பார்த்தபடியே பின்னால் நகர வேண்டும் என்று. கடைசியாக ஒன்று சொன்னார். தன் அம்மா இன்றைக்கும் விறகுக்கு நடந்துதான் போகிறாராம். "எங்க ஊர்ல சிங்கம் நிக்கிற எடம் தெரிஞ்ச ஒருத்தன் அதச் சொல்லாம இருந்தான்னா, அவன யாரும் வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க." சின்ன துரைதான் இதையும் தமிழில் சொன்னார்.

கேமரா எங்கே பார்த்தது

ஊருக்கு வந்ததும் சின்ன துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெர்னதெத் ஒரு மாதம் வரை லயத்தில் சிங்கக் கதை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சிங்கம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்தின் பழைய பெரிய பங்களாவை ஹோட்டலாக்கினார்கள். அதற்கும் துரைதான் பொறுப்பு. வெள்ளைக்காரர்கள் ஜீப்பில் வந்து ரோட்டில் நின்று எங்களைப் படம் எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஜீப் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தலைத்துணியைச் சரிசெய்து, இரண்டு இலையும் மொட்டும் ஒன்றைக் கிள்ளி உயர்த்திப் பிடித்துச் சிரிக்க வேண்டும்.

அன்று ஐந்தாம் நம்பர் மலையில் நின்றோம். கீழே ரோடு. மேலே பாறை, அதற்கு மேலே காடு. காலை வெயில் ஏறுகிற நேரம். ஜீப் வந்து நின்றது. நான்கைந்து வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் முழ நீளக் கேமரா. எங்கள் பெண்கள் எல்லோரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். பெர்னதெத் ஒரு கொழுந்தை உயர்த்திப் பிடித்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"அக்கா, நீங்களும் சிரிங்களேன். மொகத்த பாத்தா கேமரா ஒடஞ்சிறும்."

நான் சிரிக்கத்தான் போனேன். அப்போதுதான் கவனித்தேன். கேமரா ஒன்றுகூட எங்களைப் பார்க்கவில்லை. எல்லாம் எங்கள் தலைக்கு மேலே பார்த்தன. அவர்களைக் கூட்டி வந்த கைட் பையன் எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினான்.

திரும்பினேன். பாறையில் சிறுத்தை படுத்திருந்தது. எங்கள் மேல் நிரையில் நின்றவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு லயக் காம்பரா, எங்கள் ஒற்றை அறை வீடு, அந்த நீளம்கூட இருக்காது. நாங்கள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

கிப்ரோனோ சொன்னது வாயில் வந்தது.

"யாரும் ஓடாதீங்க. குனியாதீங்க. மேல பாத்துக்கிட்டே எங்கிட்ட வாங்க. ஒண்ணா நில்லுங்க."

"என்னாக்கா?" என்று திரும்பிய பெர்னதெத், கையில் பிடித்த கொழுந்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மேல் நிரையில் நின்ற பிள்ளை, "அக்கா, கால் வரல அக்கா" என்று அழுதாள். நான் இரண்டு நிரை ஏறிப் போய் அவள் கையைப் பிடித்தேன். பெர்னதெத் நான் இடுப்பில் கட்டியிருந்த படங்கைப் பிடித்துக்கொண்டாள். அவளை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். அப்படியே கூட்டமாக, பின்பக்கமாக, ஒவ்வொரு செடியாக இறங்கினோம். சிறுத்தை கொட்டாவி விட்டது. எழுந்து முதுகை நீட்டியது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ரோட்டுக்கு வந்தோம். ஒரு வெள்ளைக்காரப் பெண் கேமராவைக் கீழே போட்டுவிட்டு எங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கைட்டிடம், இவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீசு எனக்குப் புரியும். அவன், இவர்களுக்கு இது பழக்கம் என்றான். அதுவும் எனக்குப் புரிந்தது.

"பழக்கமாடா? ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து அந்தப் பாறைக்குக் கீழ நிப்பாட்டு. பழகுறாங்களான்னு பாப்போம்."

"அக்கா, சத்தம் போடாதீங்க, கெஸ்ட் நிக்கிறாங்க" என்று கெஞ்சினான். தலவாக்கலைப் பையன். பயந்துபோய் இருந்தான். "என்மேல ஏன் பாயுறீங்க? தொரைக்குத் தெரியுமே. மூணு நாளா இந்தப் பாறையில தான் இருக்கு. இன்னைக்கும் அங்கன தான் இருக்கு, கூட்டிட்டுப் போன்னு காலைல அவர் தான் சொன்னாரு."

பூனை

அடுத்த நாள் பெரட்டில் நான் முன்னுக்குப் போய்த் துரையிடம் கேட்டேன்.

"தொர, அஞ்சாம் நம்பர்ல சிறுத்த நிக்கிதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"சிறுத்தையா? இந்தத் தோட்டத்துல சிறுத்த இல்ல. காட்டுப் பூனையப் பாத்திருப்ப." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "ராஜேஸ்வரி ஆபிரிக்கா போய் வந்த பொறவு பூனையும் சிங்கமாத் தெரியுது."

சிலர் சிரித்தார்கள். துரை பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும்.

"சரிங்க தொர. அப்ப அந்தப் பூனையப் பாக்குறதுக்கா வெள்ளக்காரங்க பிளேன் ஏறி வர்றாங்க?"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். கங்காணிகளுக்கு மேலே வேலை பார்க்கிற கண்டாக்கையாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். துரை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஒருவரும் ஐந்தாம் நம்பரில் இறங்கவில்லை. யாராவது முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பிறகு இறங்குகிறோம் என்று ரோட்டில் நின்றோம். கடைசியில் கண்டாக்கையாவே இரண்டு ஆம்பளை ஆட்களோடு, ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு பாறை வரைக்கும் ஏறிப்போனார். மூச்சு வாங்க இறங்கி வந்து, "போங்கம்மா, ஒண்ணும் இல்ல" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு மலையில் இறங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷம், சிங்கத்தைப் பார்த்தபோதுகூட இருக்கவில்லை. நான் வேலையில் இருந்த வரைக்கும் காட்டு ஓர மலைகளில் இதைச் செய்ய வைத்தோம். நேரம் போகிறது என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். கொழுந்து குறையவில்லை.

நான் நின்ற பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். கண்டாக்கையாவுக்கு வேறு வேலை சொல்லிவிட்டார்களாம். இப்போது என் இடத்தில் பெர்னதெத் கங்காணி. தன் பெண்களை மலையில் இறக்குமுன் அவள்தான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஜீப் மட்டும் முன்னைவிட அதிகமாக வருகிறது.

நான் சிறுத்தையை விரட்டச் சொல்லவில்லை. கம்பிச் சுருக்குப் போட்டுக் கொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. அது தன் காட்டில் இருக்கட்டும், வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கட்டும், பங்களா நன்றாக நடக்கட்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த மலைக்கு அனுப்பினாலும், முன்னால் போய்ப் பார்த்தது யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் ரோட்டிலேயே நில்லுங்கள். ஒருத்தி நின்றால் வெருட்டுவார்கள். எல்லோரும் நின்றால் தகரத்தோடு ஆள் வரும்.

துரைக்குச் சொல்வது வேறு. இதைப் படித்துவிட்டு என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் பேச வேண்டாம். ஒப்பீசிலும் பேச வேண்டாம். பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். பெர்னதெத்தும் அவளுடைய பெண்களும் பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர்கள் காது கேட்கச் சொல்லுங்கள். அன்று காலை எங்களை ஐந்தாம் நம்பருக்கு அனுப்பினீர்களே, அந்தப் பாறையில் சிறுத்தை இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?